ஆடிக் காற்றை நம்பி ஒரு தீபாவளிச் சரக்கு

தீபாவளிக்கு நான்கே நாள். 2012 நவம்பர் 9, வெள்ளிக்கிழமை. கப்பலில் வரவேண்டிய என் சரக்கில் பாதி, விமானத்தில் வந்து சிங்கப்பூர் சாங்கியில் இறங்கியது. விமானக் கூலியைக் கழித்தால் சட்டைக்கு நாற்பது காசு மிஞ்சும். சரி, அதாவது மிஞ்சுகிறதே என்று கடைக்குக் கொண்டுவந்து பெட்டியைப் பிரித்தோம். அப்பா–மகன் செட், மெரூன் நிறம் என்று கேட்டிருந்தேன். வந்தவை இரண்டு மெரூன். அப்பா சட்டை பீட்ரூட் மாதிரி, மகன் சட்டை காய்ந்த மிளகாய் மாதிரி.

அம்மா இரண்டையும் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்துவிட்டு, "யாருடா இது, பக்கத்து வீட்டுப் பிள்ளையா?" என்றார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடைக்காரனுக்குத் தீபாவளி போனால் வருடமே போனது மாதிரி. அந்த வருடம் கேம்பல் லேன் சந்தையில் கூடுதலாகக் கடைபோட இடமும் எடுத்திருந்தேன். சரக்கு வந்தாலும் வராவிட்டாலும் வாடகை வாடகைதான். கடைசி வாரம்வரை பாதி மேசை காலியாகவே கிடந்தது. அதில் லுங்கியைப் பரப்பி ஒப்பேற்றினோம்.

தேக்காவில் எங்களுடையது சின்னக் கடை, அப்பா தொடங்கியது. பனியன், ஜட்டி, நைட்டி, டீசட்டை. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டுமான வேலைத் தம்பிகள் வருவார்கள். வாரநாளில் வீவக அடுக்குமாடி வீடுகளிலிருந்து அக்காமார். சரக்கில் முக்கால்வாசி திருப்பூர். இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்குத் திருப்பூர் என்பது ஒரு தொலைபேசி எண், மறுமுனையில் "சொல்லுங்க தம்பி" என்கிற ஓர் அண்ணன். அதற்கு மேல் தெரியாது. தெரிந்துகொள்ளவேண்டிய தேவையும் வரவில்லை.

மின்வெட்டும் அப்படித்தான். நான் பார்த்த ஒரே பெரிய மின்தடை 2004 ஜூனில் வந்தது. இந்தோனேசியாவின் மேற்கு நத்துனாவிலிருந்து குழாயில் வரும் எரிவாயு தடைப்பட்டு, தீவில் பல வட்டாரங்களுக்குக் கரண்ட் போய்விட்டது. மின்தூக்கி நின்றுவிட, பதினோரு மாடி ஏறினேன். அதைப் பல நாள் கதையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். போனால் வந்துவிடும், அதுவரை பொறுத்திருக்கவேண்டும், அவ்வளவுதானே மின்வெட்டு என்று நினைத்திருந்தவன் நான்.

2012 ஜூலையில் ஆறாயிரம் உருப்படிக்கு ஆர்டர் கொடுத்தேன். செப்டம்பர் நடுவில் அண்ணனைக் கூப்பிட்டால், "கரண்ட் எங்கங்க தம்பி இருக்குது? வந்தா ஓட்டறோம், போனா ஒக்காந்திருக்கறோம்" என்றார். சாக்குச் சொல்கிறார் என்றுதான் தோன்றியது. அடுத்த பேச்சிலேயே, உருப்படிக்கு எட்டு ரூபாய் கூட்டித் தாருங்கள், டீசல் ஊற்றி ஓட்டித் தருகிறேன் என்றார். சந்தேகம் உறுதியாகிவிட்டது. "பேசுனது பேசுனதுதான்ணே" என்று சொல்லி வைத்துவிட்டேன். அப்படிச் சொன்னதில் ஒரு பெருமிதம்கூட இருந்தது.

அந்த வியாபாரத்தில் நான் செய்த மிகப் பெரிய தவறு அதுதான். அந்தச் செப்டம்பரில்தான் மத்திய அரசு டீசலை லிட்டருக்கு 5 ரூபாய் ஒரேயடியாக ஏற்றியிருந்தது. சின்ன ஜெனரேட்டரில் ஒரு லிட்டர் ஊற்றினால் மூன்று, மூன்றரை யூனிட் தேறும். லிட்டர் ஏறக்குறைய ஐம்பது ரூபாய் என்றால் யூனிட் பதினான்கிலிருந்து பதினேழு ரூபாய்க்கு வந்து நிற்கும், மின்வாரியக் கட்டணத்தைப் போல இரண்டரை, மூன்று மடங்கு. அவர் கேட்ட எட்டு ரூபாயில் லாபமே இல்லை. பாதிச் சுமையைத்தான் என்மேல் வைத்தார். நான் மறுத்ததும் என்ன செய்தார் தெரியுமா? யாரும் செய்யக்கூடியதைத்தான். டீசல் காசு கொடுத்தவர்களின் துணி ஜெனரேட்டரில் ஓடியது. என்னுடையது மின்வாரியம் மனது வைத்தபோது மட்டும் ஓடியது. நான் ஏமாற்றப்படவில்லை, வரிசையில் பின்னால் தள்ளப்பட்டேன். இந்த வித்தியாசம் புரிய எனக்கு விமானம் ஏறவேண்டியிருந்தது.

அக்டோபர் கடைசியில் கோயம்புத்தூரில் இறங்கி, இரவோடு இரவாகத் திருப்பூர் போனேன். அவிநாசியைத் தாண்டியதும் தெருவிளக்கே இல்லை. ஊருக்குள் ஒவ்வொரு சந்திலும் ஜெனரேட்டர் உறுமுகிறது; பேச்சுக் கேட்க வாசலை மூடவேண்டும், மூடினால் புகை. தூங்குவதற்கென்று நேரம் வைத்திருந்தார்கள், எட்டு மணி நேரம் அல்ல, கரண்ட் வரும் இரண்டு மணி நேரம். மின்விசிறி சுற்றும்போது பிள்ளைகளைத் தூங்கவைத்துவிட்டு அம்மாக்கள் அதே நேரத்தில் மாவு அரைத்தார்கள். ஒரு நாளில் பன்னிரண்டு, பதினான்கு மணி நேரம் கரண்ட் இல்லாத நாட்கள் அவை.

மறுநாள் அண்ணன் என் துணி போகும் வழியெல்லாம் கூட்டிப்போய்க் காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் கணக்குப் புரிந்தது. நூல் ஒரு மில்லில். அதைத் துணியாக்கும் நிட்டிங் இன்னொரு தெருவில். சாயப்பட்டறை ஊருக்கு வெளியே. துணியைச் சீர்செய்யும் காம்பாக்டிங் வேறிடம். கட்டிங், தையல் அவருடைய இடம். எல்லாம் ஜாப் ஒர்க், கூலிக்குச் செய்துகொடுப்பது. ஒவ்வோர் இடமும் ஒவ்வொரு மின்பாதையில். நிட்டிங்கில் காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டுவரை கரண்ட். துணி இறங்கி வண்டியில் சாயப்பட்டறைக்குப் போய்ச் சேர்கையில் அங்கே கரண்ட் போயிருக்கும். அங்கே வரும்போது காம்பாக்டிங்கில் இருக்காது. துணி கரண்டைத் துரத்திக்கொண்டு ஊரைச் சுற்றியது. பன்னிரண்டு மணி நேரம் வெட்டு என்றால் வேலை பாதி நடக்கும் என்று சிங்கப்பூரில் உட்கார்ந்து கணக்குப் போட்டிருந்தேன். நடந்தது கால்வாசிகூட இல்லை.

என் இரண்டு மெரூன்களும் அங்கேதான் பிறந்திருந்தன. சாயத் தொட்டியில் துணி வெந்துகொண்டிருக்கும்போது மோட்டார் நின்றால் நிறம் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். அதைத் தவிர்க்கப் பெரிய லாட்டை இரண்டாகப் பிரித்து இரண்டு முறை போட்டிருக்கிறார்கள். முதல் தடவை ஜெனரேட்டரில் முழு நேரம் வெந்தது பீட்ரூட். இரண்டாவது நடுவில் நின்று மறுபடி ஓடியது மிளகாய். பட்டறைக்காரர் மேலும் குற்றம் சொல்ல முடியாது. நொய்யல் நாசமானதால் 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி, பிறகு கழிவுநீரைச் சொட்டுகூட வெளியே விடாத சுத்திகரிப்போடு ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்த காலம் அது. அந்தச் சுத்திகரிப்புக்கே ஏகப்பட்ட கரண்ட் வேண்டும். ஆற்றைக் காப்பாற்றவும் கரண்ட், சட்டைக்குச் சாயம் போடவும் கரண்ட்; இரண்டுக்கும் இல்லை.

கரண்ட் ஏன் இல்லை என்று கேட்டால் திருப்பூரில் டீக்கடைக்காரர்கூடப் பாடம் எடுப்பார். சுருக்கம் இதுதான். தேவை ஏறிக்கொண்டே போனது; கட்டவேண்டிய அனல்மின் நிலையங்கள் தள்ளிக்கொண்டே போயின; கூடங்குளமும் தள்ளிப்போனது. 2008 நவம்பரிலிருந்தே உயரழுத்த மின்சாரம் வாங்கும் தொழிற்சாலைகளுக்கு 40 சதவீத வெட்டு. 2012இல் தட்டுப்பாடு சுமார் 4,000 மெகாவாட். அப்போது சிங்கப்பூர் முழுவதற்குமான உச்சத் தேவையே 7,000க்குக் கீழேதான். அதாவது நம் தீவு எரிப்பதில் பாதிக்கு மேல் அங்கே பள்ளம் விழுந்திருந்தது.

இதில் எனக்குப் புதிதாகப் பட்டது காற்று. தமிழ்நாட்டில் அப்போதே ஏறக்குறைய 7,000 மெகாவாட்டுக்குக் காற்றாலைகள் இருந்தன. முப்பந்தல், ஆரல்வாய்மொழி பக்கம் ஒரு கூட்டம்; பாலக்காட்டுக் கணவாய்க்கு நேரே உடுமலைப்பேட்டை, பல்லடம் பக்கம் ஒரு கூட்டம். பலவற்றுக்கு நூற்பாலைக்காரர்களே சொந்தக்காரர்கள். கேரளத்தில் மழையாகக் கொட்டும் தென்மேற்குப் பருவக்காற்று, கணவாய் வழியாக இந்தப் பக்கம் வெறும் காற்றாக வந்து இறக்கையைச் சுற்றும். வைகாசியில் தொடங்கிப் புரட்டாசிவரை ஓடும். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்களே, பறக்கிற அம்மி கரண்டும் கொடுத்துவிட்டுப் போகும். ஐப்பசி பிறந்தால் முடிந்தது. காற்று நின்ற நாளில் அந்த ஏழாயிரத்தில் பத்தில் ஒரு பங்கு தேறாது. தீபாவளி எந்த மாதம்? ஐப்பசி. சரக்கு மும்முரமாகத் தைக்கவேண்டிய கடைசி வாரங்களும் காற்று படுத்துக்கொள்ளும் வாரங்களும் ஒன்றேதான். இதைத் தெரிந்துகொள்ள எந்த நிபுணரும் தேவையில்லை, பாட்டியிடம் கேட்டிருக்கலாம்.

திருப்பூர்க்காரர்களுக்கு இன்னொரு ஆற்றாமையும் இருந்தது. அவர்கள் பன்னிரண்டு மணி நேரம் இருட்டில் கிடந்தபோது சென்னைக்கு வெட்டு இரண்டே மணி நேரம். "டாலர் கொண்டாறது நாங்க, ஏசி போடறது அவங்க" என்று ஒருவர் வெடித்தார். தலைநகரம் இருண்டால் செய்தியாகும், அதனால்தான் இப்படி என்பது அவர் கட்சி. நியாயம் இருக்கிறது என்றே இன்றும் நினைக்கிறேன். சிங்கப்பூரில் இப்படி வட்டாரத்துக்கு வட்டாரம் பங்கு போடும் நிலையை நாம் கண்டதில்லை. உட்லண்ட்ஸில் பத்து மணி நேரம், ஆர்ச்சர்ட் ரோட்டில் ஒரு மணி நேரம் என்றால் நம் ஆட்கள் என்ன பேசுவார்கள் என்று யோசித்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பூரை மட்டும் நம்பக்கூடாது என்று அந்த ஜூலையிலேயே பஞ்சாபின் லூதியானாவில் சின்னதாக ஓர் ஆர்டர் கொடுத்துப் பார்த்திருந்தேன். என் ராசி, ஜூலை 30ஆம் தேதி வடக்கு மின்கட்டமைப்பு (கிரிட்) சாய்ந்தது. 31ஆம் தேதி வடக்கோடு கிழக்கும் வடகிழக்கும் சேர்ந்து சாய்ந்தன. 60 கோடிக்கும் மேற்பட்டோர் வாழும் மாநிலங்கள் இருண்டன. ரயில்கள் நடுவழியில் நின்றன. உலகப் பத்திரிகைகள் எல்லாம் எழுதின. தெற்குக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அப்போது தென்மாநிலக் கட்டமைப்பு மற்றவற்றோடு ஒரே அதிர்வெண்ணில் இணையவில்லை. முக்கியமாகச் சில நேர்மின் (டிசி) இணைப்புகள் மட்டும்தான் பாலம். சரி, லூதியானா சரக்கு எத்தனை நாள் தாமதம்? மூன்று நாள். திருப்பூர் சரக்கு? ஒன்றரை மாதம். இரண்டு நாள் இருட்டு உலகச் செய்தியானது. வருடக்கணக்கில் நீண்ட இருட்டு மாவட்டச் செய்தியாகவே நின்றுவிட்டது. வியாபாரிக்கு அடி விழுந்தது மாவட்டச் செய்தியில்தான்.

அந்தத் தனித்தனிக் கட்டமைப்புக்கு இன்னொரு பக்கமும் உண்டு. வடக்கு சாய்ந்தபோது தெற்கைக் காப்பாற்றிய அதே பிரிவு, தெற்கு பட்டினி கிடந்தபோது சோறு வரும் வழியை அடைத்தது. வேறு மாநிலங்களில் விற்பதற்கு மின்சாரம் இருந்தது. கொண்டுவரப் பாதை போதவில்லை. மின்சாரச் சந்தையில் ஒரே நாளில் வடக்கு வாங்குபவருக்கு ஒரு விலை, தெற்கு வாங்குபவருக்கு அதைவிடக் கூடுதல் விலை. பத்தாயம் நிறைய நெல் இருக்கிறது, வாசல்தான் ஆள் நுழையாத அளவு. எனக்கும் என் அண்ணனுக்கும் இடையில் நடந்ததுகூட இதுதானே. அவரிடம் ஜெனரேட்டர் இருந்தது, என்னிடம் காசு இருந்தது, நடுவில் என் பிடிவாதம்.

திருப்பூரில் என்னை அசைத்துப்போட்டவன் தையல் பிரிவில் இருந்த ஓர் ஒடிசாப் பையன். இருபது வயதுகூட இருக்காது. கரண்ட் போன நேரத்தில் வாசற்படியில் உட்கார்ந்து அவனாகவே பேச்சுக் கொடுத்தான். ஊர் எது என்றேன். தால்ச்சர் பக்கம் என்றான். "எங்க ஊர் கரிதான் அண்ணா இங்க வருது" என்றான், கற்றுக்கொண்ட தமிழில். எனக்கு அப்போது தால்ச்சர் எங்கே என்று தெரியாது. அறைக்கு வந்து தேடிப் பார்த்தேன். அவன் சொன்னது அட்சர சுத்தம். தால்ச்சர் நிலக்கரி ரயிலில் பாரதீப் துறைமுகம் போகிறது; அங்கிருந்து கப்பலில் எண்ணூருக்கும் தூத்துக்குடிக்கும் வருகிறது. தூத்துக்குடியில் அது அனல்மின் நிலையத்துக்குப் போகிறது. மின்சாரமாகி கம்பியில் ஏறித் திருப்பூர் வந்து தையல் மெஷினை ஓட்டுகிறது. என் பனியன் தைக்கப்பட்டு, லாரியில் போய், அதே தூத்துக்குடியில் கப்பல் ஏறுகிறது. ஒரு பக்கம் அவன் ஊர்க் கரி இறங்குகிறது, இன்னொரு பக்கம் என் சரக்கு ஏறுகிறது. போதாக்குறைக்கு 2003இலிருந்து தால்ச்சரில் உற்பத்தியாகும் மின்சாரமே 2,000 மெகாவாட் கம்பியில் நேராகக் கர்நாடகத்தின் கோலாருக்கு வந்து தென்மாநிலங்களுக்குப் பிரிகிறது. கரி கப்பலில் வந்தது, கரண்ட் கம்பியில் வந்தது, பையன் ரயிலில் வந்தான்.

"அப்ப உங்க ஊர்ல கரண்ட் போகாதா?" என்று கேட்டேன். "போகும் அண்ணா, தினம் போகும்" என்றான். கேட்டது அசட்டுக் கேள்வி என்று அவன் முகத்தில் தெரிந்தது.

ஜார்க்கண்டின் தன்பாத் நிலக்கரிக்குப் பேர்போன ஊர். அங்கிருந்து ஆலப்புழை போகும் ரயில் திருப்பூரில் நின்று போகும். கரியைத் தோண்டி அனுப்பிய ஊர்களில் தொழில் வளராமல், கரி போன இடத்துக்கே பிள்ளைகள் வேலை தேடி வருகிறார்கள். 1952 முதல் 1993வரை நிலக்கரிக்கும் எஃகுக்கும் நாடு முழுக்கச் சரக்குக் கட்டணம் சமமாக இருக்கும்படி அரசே மானியம் கொடுத்த கொள்கை இதற்கு ஒரு காரணம் என்று பொருளாதாரம் படித்த நண்பர் பிறகு சொன்னார். சுரங்கத்துக்குப் பக்கத்தில் ஆலை கட்டவேண்டிய அவசியமே இல்லாமல் போய்விட்டதாம். தெற்கு ஏன் மற்ற மாநிலங்களிடம் கரண்ட் கேட்டுக் கையேந்தவேண்டும் என்று திருப்பூரில் கோபப்பட்டவர்களிடம் அந்தப் பையனைக் காட்டவேண்டும் போல் இருந்தது. யார் யாரிடம் கையேந்துகிறார்கள் என்பது அவ்வளவு சுலபமான கணக்கல்ல.

திரும்பி வந்ததும் வியாபாரம் செய்யும் முறையை மாற்றினேன். முதலில் நாள்காட்டி. தீபாவளி ஆர்டரை ஜூலையில் கொடுப்பதை விட்டுவிட்டேன். சித்திரையில் பேசி முடித்து, வைகாசியில் நூலுக்கு முன்பணம் அனுப்பி, ஆடியில் தையல் நடக்கும்படி வைத்தேன். ஆவணியில் சரக்கு கப்பலில். இரண்டு மாதம் கூடுதலாகக் கிடங்கு வாடகை ஆகிறது. விமானக் கூலியோடு ஒப்பிட்டால் அது கொசு.

அப்புறம் கேள்வியை மாற்றினேன். முன்பெல்லாம் "எப்பண்ணே ரெடியாகும்?" என்று கேட்பேன். அதற்கு உலகம் முழுவதும் ஒரே பதில், "அடுத்த வாரம்". இப்போது நிட்டிங் எங்கே, சாயம் எங்கே, அங்கெல்லாம் எத்தனை மணிக்குக் கரண்ட், ஜெனரேட்டரின் திறன் எத்தனை கேவிஏ, அது தையல் மெஷினை மட்டும் ஓட்டுமா, அயர்னிங்கையும் சேர்த்து ஓட்டுமா என்று கேட்கிறேன். ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொல்பவர்கள் நிறைய. ஓட்டிப் பார்த்தால் டியூப்லைட்டும் மின்விசிறியும்தான் ஓடும். கூடுமானவரை நிட்டிங்கிலிருந்து பேக்கிங்வரை ஒரே வளாகத்தில் செய்பவரிடம் ஒரு பங்கைக் கொடுத்தேன். அங்கே விலை கொஞ்சம் கூடுதல், ஆனால் துணி ஊர் சுற்றாது.

நிறத்தையும் பார்த்தேன். கரண்ட் தட்டுப்பாடான காலத்தில் அடர் நிறம் கேட்பது வினையை விலைக்கு வாங்குவது. வெள்ளையும், நூலிலேயே சாம்பல் கலந்து வரும் மிலாஞ்ச் துணியும்தான் பாதுகாப்பு. மிலாஞ்சுக்குச் சாயத்தொட்டியே தேவையில்லை. தீபாவளிக்குச் சாம்பல் நிறமா என்று அம்மா முகம் சுளித்தார். அதனால் அடர் நிறங்களை ஆடிக்குள் முடித்துவிடவேண்டும், கடைசி நேரச் சில்லறைக்கு மட்டும் வெள்ளையும் சாம்பலும் என்று வைத்துக்கொண்டோம்.

டீசலை எழுத்தில் கொண்டுவந்தேன். நாளில் நான்கு மணி நேரம்வரை வெட்டு என்றால் அவர் பாடு. அதற்கு மேல் போனால் கூடும் டீசல் செலவு ஆளுக்குப் பாதி. மின்வாரியம் அறிவிக்கும் வெட்டு நேரமே கணக்கு, யாரும் யாரையும் நம்பவேண்டாம். இந்த ஒரு வரியை 2012இல் எழுதியிருந்தால் ஆறாயிரம் உருப்படிக்கு எனக்கு ஆகியிருக்கக்கூடிய கூடுதல் செலவு ஒரு சில நூறு சிங்கப்பூர் வெள்ளி. எழுதாததால் போனது அதைப்போலப் பல மடங்கு. முன்பணத்தைப் பற்றியும் சொல்லவேண்டும். சின்ன பனியன் கம்பெனிக்காரர்களுக்கு டீசல் ரொக்கம், என் பணமோ சரக்கு வந்து முப்பது நாள் கழித்து. நடுவில் அவர்கள் கந்துவட்டிக்குத்தான் போகவேண்டும். முன்பணத்தைக் கூட்டியதும் வரிசையில் முன்னால் வந்துவிட்டேன்.

ஊர் நிலைமையும் மாறியது. 2013 அக்டோபரில் கூடங்குளத்தின் முதல் உலை கட்டமைப்பில் இணைந்தது. புதிய அனல்மின் நிலையங்கள் வரிசையாக ஓடத் தொடங்கின. 2013 டிசம்பர் 31ஆம் தேதி ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் பாதை இணைக்கப்பட்டு, நாடு முழுவதும் ஒரே கட்டமைப்பானது. 2015இல் தொழிற்சாலைகளின் மின்கட்டுப்பாடும் விலகியது. அதற்குப் பிறகு சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர்வரை 6,000 மெகாவாட் நேர்மின் பாதை. அங்கிருந்து கேரளத்தின் திருச்சூருக்கு ஒரு கிளை, 2021இல் தொடங்கிவைத்தார்கள். இப்போது கேரளத்து வீட்டுக்குப் போகும் கரண்ட் கொங்கு நாட்டு வழியாகப் போகிறது. அந்தக் கோபுரங்களைத் தங்கள் தென்னந்தோப்பில் நடக்கூடாது என்று கொங்கு விவசாயிகள் போராடியதையும் மறக்கமுடியாது. அண்ணனின் மாமனார் தோட்டத்திலும் ஒரு கோபுரம் நிற்கிறது. அண்ணனின் மெஷின் ஓடுகிறது, மாமனார் பேசுவதில்லை.

காற்று அதிகமாக அடிக்கும் மாதங்களில் தமிழ்நாடு வட மாநிலங்களுக்குக் கரண்ட் கொடுத்து, கோடையில் வாங்கிக்கொள்ளும் ஏற்பாடுகூட உண்டு. நம் அக்கம்பக்கத்துக் கைமாற்று மாதிரிதான், சர்க்கரைக்குப் பதில் மெகாவாட். ஆனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சித்திரைக் கணக்கைக் கைவிடவில்லை. 2022 ஏப்ரலில் நாடு முழுக்க நிலக்கரி தட்டுப்பட்டு, கரி வண்டிகளுக்கு வழிவிடப் பயணிகள் ரயில்களையே ரத்துசெய்தார்கள். அந்த வருடம் என் சரக்கு தப்பியது அந்தக் கணக்கால்தான்.

இதெல்லாம் ஊர்க்கதை, நமக்கென்ன என்று இருந்துவிடமுடியாது என்பதை 2021 அக்டோபர் காட்டியது. எங்கள் உட்லண்ட்ஸ் வீட்டுக்கு மின்சாரம் விற்றுவந்த நிறுவனத்திடமிருந்து ஒரு மின்னஞ்சல். இரண்டு வருடத்துக்கு ஒரே விலை என்று ஒப்பந்தம் போட்டிருந்தவர்கள், சந்தையிலிருந்து விலகுவதாக எழுதியிருந்தார்கள். அந்த மாதம் அப்படி விலகியவர்கள் ஒருவர் இருவர் அல்ல. நம் மின்சாரத்தில் ஏறக்குறைய 95 சதவீதம் எரிவாயுவில் உற்பத்தியாகிறது. அந்த நேரத்தில் உலகச் சந்தையில் எரிவாயு விலை எகிற, மேற்கு நத்துனாவிலிருந்து வரவு குறைந்தது. தெற்கு சுமத்ரா குழாயில் அழுத்தம் தாழ்ந்தது. மொத்த விற்பனைச் சந்தையில் விலை தாறுமாறாக ஏறி, நிலையான விலைக்கு விற்றவர்கள் நட்டத்தில் விழுந்தார்கள். 2004இல் நான் பதினோரு மாடி ஏறியதற்குக் காரணமான அதே நத்துனா. நல்லவேளையாக 2013இலிருந்து ஜூரோங் தீவில் கப்பலில் வரும் திரவ எரிவாயுவை இறக்கும் முனையம் இருக்கிறது, இருட்டு வரவில்லை.

திருப்பூர் கற்றுக்கொடுத்ததை வீட்டில் பயன்படுத்தினேன். பதறி அன்றைக்கே கண்ணில் பட்ட வேறு நிறுவனத்தோடு புது ஒப்பந்தம் போடவில்லை. ஒன்றும் செய்யாவிட்டாலும் கணக்கு, மின்கம்பிகளை வைத்திருக்கும் எஸ்பி குழுமத்துக்குத் தானாக மாறும், கரண்ட் நிற்காது என்பதை உறுதிசெய்துகொண்டேன். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும் கட்டணம் அது. அந்த நேரத்தில் சந்தையில் கேட்ட விலைகளைவிட அதுவே தேவலை. மீட்டர் அளவைப் படம் எடுத்து வைத்தேன், வைப்புத்தொகையைக் கேட்டு வாங்கினேன். எந்த விலையையும் பார்த்தவுடன் "இவர் இதை எப்படிக் கட்டுப்படியாக்குகிறார்?" என்று கேட்கும் பழக்கம், நிறுவனம் மாறி மின்சாரம் வாங்கத் தொடங்கிய 2018லேயே எனக்கு இருந்திருக்கவேண்டும். அக்கம்பக்கத்தைவிட எங்களுக்கு மலிவாகக் கிடைக்கிறது என்று அப்போது மார்தட்டிக்கொண்டேன். 2022 ஜூனில் லாவோஸிலிருந்து தாய்லாந்து, மலேசியா வழியாக 100 மெகாவாட்வரை நீர்மின்சாரம் வரத் தொடங்கியபோது, அந்தக் கம்பி எங்கெங்கே யார் தோட்டத்தின் மேல் போகிறது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அந்த 2021 அக்டோபரில் தீபாவளிச் சரக்கின் பாக்கியைப் பேச அண்ணன் கூப்பிட்டார். பேச்சுவாக்கில் நம் கரண்ட் கதையைச் சொன்னேன்.

"உங்க ஊர்லயுமாங்க?" என்றார். குரலில் கவலைதான், ஆனால் ஒரு சுவாரசியமும் இருந்தது. "ஜெனரேட்டர் வச்சிருக்கீங்களா?"

பதினோராவது மாடியில் எங்கே வைப்பது என்று சிரித்தேன். கரண்ட் போகவில்லை, விற்றவர்தான் போய்விட்டார், பேசிய விலைக்குக் கட்டுப்படியாகவில்லையாம், ஒப்பந்தத்தைப் பாதியில் விட்டுவிட்டார் என்று விளக்கினேன்.

அண்ணன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. பின்னால் மெஷின்கள் ஓடும் சத்தம் கேட்டது.

"பேசுனது பேசுனதுதான்னு சொல்லிப் பாக்கறதுதானுங்களே, தம்பி" என்றார்.